கடைசிப் படகுக்கு முன்: சில குறிப்புகள்

*

எழுவைதீவில் ஒருவருக்கு வருத்தம் கடுமையாகிவிட்டால் வீட்டார் முதலில் கேட்பது, "காத்து எப்பிடி?" சோழகமோ வாடையோ உரத்து நின்றால் ஊர்காவற்றுறையிலிருந்து படகு வெளிக்கிடாது. அக்கரையில்தான் வைத்தியசாலை. என் சிறுவயதில் பெரும்பாலான நாள்களில் எங்கள் கத்தோலிக்கக் குருவான சுவாமியும் அக்கரையில்தான் நிற்பார்.

ஒன்றரைச் சதுர கிலோமீற்றருக்கும் குறைந்த தீவு. ஒல்லாந்தர் தங்கள் ஊர் ஒன்றின் பெயரால் இதை 'ஹோர்ன்' என்று அழைத்தார்கள். பக்கத்து அனலைதீவு அவர்களுக்கு 'ரொட்டர்டாம்'. இன்று அந்தப் பெயர்களைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. கோவிலில் துக்கமணி அடித்தால் மட்டும் பனைகளுக்கு அப்பால் கடைசி வீடு வரை விளங்கும். கை வேலையை விட்டுவிட்டு எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "சுவாமி வந்தவரோ?"

செத்தவர் யார் என்பது அநேகமாக முன்னரே தெரிந்திருக்கும். சுவாமி வந்து சேர்ந்தாரா என்பதுதான் தெரியாது.

*

பத்து வயதில் பூசைக்கு உதவும் பொடியனாக இருந்தேன். முதல் வெள்ளிகளில் சுவாமி நோயாளிகளுக்கு நன்மை, அதாவது நற்கருணை, கொண்டுபோவார். முன்னால் சின்ன மணியை ஆட்டிக்கொண்டு நடப்பது என் வேலை. சத்தம் கேட்டதும் கிணற்றடியில் நின்றவர்கள் வாளியை வைத்துவிட்டு முழந்தாளிடுவார்கள். சைவ வீட்டுக்காரர் வேலியோரம் ஒதுங்கி, தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தபடி நிற்பார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

சுவாமியின் தோற்பையில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் பார்த்தேன். பெருவிரல் அளவு உலோகச் சிமிழ் ஒன்று, திருகுமூடியோடு. உள்ளே பஞ்சு, பஞ்சில் ஊறிய எண்ணெய். பெரிய வியாழனை ஒட்டி ஆயர் மந்திரித்து எல்லாப் பங்குகளுக்கும் பிரித்துக் கொடுக்கிற நோயாளர் எண்ணெய் அது. சிந்தாமல் இருக்கத்தான் பஞ்சு. தோளில் போடும் துகில் ஒன்று, ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் வெள்ளை. பாவசங்கீர்த்தனம் கேட்கும்போது ஊதாவை மேலே போடுவார், பூசும்போது வெள்ளைக்குத் திருப்புவார். ஒரு சின்னத் தீர்த்தப் போத்தல். ஒரு மெல்லிய செபப் புத்தகம். நற்கருணைச் சிமிழ் பையில் இருக்காது. அது சட்டைக்குள், நெஞ்சோடு தொங்கும் துணிப் பையில் இருக்கும். படகில் ஏறினால் சுவாமி அந்த இடத்தில் ஒரு கையை வைத்துக்கொள்வார். யாரோடும் பேசமாட்டார்.

வீட்டில் வெள்ளைத் துணி விரித்த மேசை, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணீர், கரண்டி. தண்ணீரும் கரண்டியும் நோயாளி அப்பத்தை விழுங்குவதற்கு. ஏழை வீடு என்றாலும் அந்த மேசையில் குறை இருக்காது. துணி இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வரும்.

*

அவஸ்தைப்பூசுதல். எங்கள் பாட்டன்மார் காலத்துச் சொல். மரண அவஸ்தையில் கிடப்பவருக்குப் பூசுவது என்று பொருள். சொல்லே பயத்தை ஊட்டியது. சுவாமி பையோடு படலையைத் திறந்தால் ஆள் முடிந்தது என்று ஊர் எண்ணும். அதனால் மூச்சு இழுக்கும் வரை வீட்டார் அவரைக் கூப்பிடமாட்டார்கள்.

அந்தப் பெயரைத் திருச்சபையே மாற்றிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் 'நோயில் பூசுதல்' என்ற பெயரே பொருத்தமானது என்றது. மரணத் தறுவாயில் கிடப்பவருக்கு மட்டும் உரியதல்ல, நோயாலோ முதுமையாலோ உயிருக்கு ஆபத்துத் தொடங்கும்போதே இதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிடுகிறது என்றும் சொன்னது. 1972இல் ஆறாம் சின்னப்பர் சடங்கைத் திருத்தினார். அதுவரை கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று புலன்கள் தோறும் பூசினார்கள். இப்போது நெற்றியிலும் இரு கைகளிலும் பூசுகிறார்கள். ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடங்களில் வேறு தாவர எண்ணெயையும் பாவிக்கலாம் என்றார்கள். நோய் மாறி மறுபடி விழுந்தால் மறுபடி பூசலாம். அதே நோய் மோசமானாலும் பூசலாம்.

சங்கம் சொல்லி அறுபது வருடம் கடந்துவிட்டது. எங்கள் வீடுகளில் பயம் இன்னும் பழைய பெயரோடுதான் இருக்கிறது.

*

உண்மையில் சாகிறவருக்கான அருட்சாதனம் பூசுதல் அல்ல, நற்கருணை. கடைசியாகக் கொடுக்கும் நன்மைக்கு வழியுணவு என்று பெயர். தூரப் பயணம் போகிறவருக்கு அம்மா கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு போல. இதை உண்ண வாய் திறக்க வேண்டும், விழுங்க வேண்டும், தனக்கு என்ன தரப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நினைவு தப்பிய பிறகு வருகிற சுவாமி நெற்றியில் எண்ணெய் பூசலாம். கட்டுச்சோற்றைக் கொடுக்க முடியாது.

*

பெரியம்மாவின் கதையை எழுதத்தான் வேண்டும்.

வயிற்றில் புற்றுநோய். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் வைத்துப் பார்த்தோம். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய் வசதியாக வைத்திருங்கள் என்றார்கள். நோவுக்கு மருந்து தந்தார்கள். உயிரோடு படகில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். "என்ரை முத்தத்தைப் பாத்துக்கொண்டு போறன்" என்றா.

சுவாமியைக் கூப்பிடுவோமா என்று நான் கேட்டேன். அண்ணர் மறுத்தார். "இப்ப சுவாமி வந்தால் அம்மா பயந்திடுவா. கொஞ்சம் பொறுப்பம்." எனக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு கிழமை பொறுத்தோம். எட்டாம் நாள் விடியப்புறம் சேடம் இழுக்கத் தொடங்கியது. அப்போது வாடைக்காலம், படகு ஓடவில்லை. சுவாமி மறுநாள் மத்தியானம் ஒரு மீன்பிடி வள்ளத்தில், முழங்கால் வரை நனைந்தபடி வந்து சேர்ந்தார். பெரியம்மாவுக்கு நினைவில்லை. நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசினார். நன்மையைத் தொட்டும் தொடாமலும் உதட்டில் வைக்கப் பார்த்து, முடியாமல் திரும்பச் சிமிழில் வைத்தார். அந்தச் சிமிழின் மூடி பூட்டிய சின்னச் சத்தம் எனக்கு இன்றும் கேட்கிறது.

அன்று இரவே போய்விட்டா.

செத்தவீடு முடிந்த பிறகு அடுத்த வளவுச் சைவக்கார அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "தம்பி, மாமி ஒவ்வொரு நாளும் என்னட்டைக் கேட்டவ, சுவாமி எப்ப வருவார் எண்டு. உங்களிட்டைக் கேக்கேல்லை. பிள்ளையள் பயந்திடுங்கள் எண்டு சொன்னவ."

அம்மா பயப்படுவா என்று நாங்கள் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று அவவும் திறக்கவில்லை. ஒரு கிழமை முழுதும் ஒரே வீட்டுக்குள் இப்படி இருந்தோம்.

*

சுவாமி அன்று எங்களைப் பேசவில்லை. ஏன் முந்திக் கூப்பிடவில்லை என்று ஒரு சொல் இல்லை. ஈரச் சாரத்தை மாற்றிக்கொண்டு திண்ணையில் அண்ணருக்குப் பக்கத்தில் இருந்தார். "அம்மா கடைசியாய் என்ன சாப்பிட்டவ?" என்று கேட்டார். கூழ் என்றார் அண்ணர். ஒரு கரண்டி கூழ், அதுவும் மூன்று நாளுக்கு முன். அதைச் சொல்லும்போதுதான் அண்ணர் முதன்முதலாக அழுதார்.

குருமடத்தில் இதை எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பிறகொருநாள் அவரிடம் கேட்டேன். சடங்கு முறையை ஒரு நாளில் படிக்கலாம், பேசாமல் இருக்கப் பழகத்தான் வருடங்கள் வேண்டும் என்றார். சாவு வீட்டில் தான் சொன்ன எதையும் சனம் நினைவில் வைத்திருப்பதில்லை, தான் எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

*

சுவாமி இல்லாமல் சாகவும் எங்கள் சனத்துக்குத் தெரியும். அதற்கு வரலாறு உண்டு.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்குப் போனது. குருமார் துரத்தப்பட்டார்கள். அவர்களை வீட்டில் ஒளித்து வைப்பது குற்றமானது. 1687இல் கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் கூலிக்காரர் வேடத்தில் வந்து சேரும் வரை, ஏறத்தாழ முப்பது வருடம் இந்தக் கரையில் குரு இல்லை. அந்த முப்பது வருடத்தில் செத்தவர்களின் காதில் செபம் சொன்னது யார்? தாய்மார், மூப்பர்மார், அண்ணாவிமார். உத்தம மனஸ்தாபச் செபம் எங்கள் வீடுகளில் நெல்லுக்குத்தும் பாட்டைப் போல மனப்பாடமானதற்குக் காரணம் உண்டு. குருவானவர் கிடைக்காத இடத்தில், கடவுள் மேலுள்ள அன்பினாலேயே பாவத்துக்கு மனம் நொந்து, சமயம் வாய்த்தால் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று நினைத்தாலே மன்னிப்பு உண்டு என்பது திருச்சபையின் போதனை.

என் அம்மம்மா எங்களுக்கு அதைப் படிப்பித்தது முதல்நன்மைக்காக மட்டுமல்ல. "கடலுக்குப் போறவனுக்கும், கடலாலை சுவாமி வரமாட்டாத வீட்டுக்கும் இதுதான் துணை" என்பா. யாராவது சாகக் கிடந்தால் காதோடு வாய் வைத்து, மெதுவாக, "சேசு, மரி, சூசை" என்பா. மூச்சுக்கு ஒரு தரம்.

வாஸ் அடிகளும் இந்த மண்ணில் சாகக் கிடந்தவர்தான். யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டம் கண்டு, தொற்றிவிடும் என்று தங்கிய இடத்திலிருந்து வெளியே விடப்பட்டார். ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். பிறகு சில்லாலையில் தங்கி, இரவில் நடந்து, வீடு வீடாக நோயாளரைச் சந்தித்தார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது அரசன் நகரை விட்டு விலகினான். அடிகளும் அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளும் நகரில் நின்று, கைவிடப்பட்ட நோயாளரைக் கழுவிச் சோறூட்டி, செத்தவரைப் புதைத்தார்கள். 2015 தை 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எங்கள் கோவிலிலும் மணி அடித்தோம். அந்தக் கஞ்சி கொடுத்த பெண்ணையும் நான் அன்று நினைத்தேன். சாகிறவருக்குச் செய்யும் தொண்டு குருவிடம் மட்டும் தொடங்குவதில்லை.

*

வீட்டார் சுவாமியிடம் இரகசியமாகக் கேட்கிற ஒரு கேள்வி: "சேலைன் ஏத்தாமல் விட்டால் பாவமோ?" வேறு விதமாகவும் வரும்: "திரும்பவும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் நாங்கள் கொலைகாரரோ?"

பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இல் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரைகளில் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னார். சாதாரண வழிகளில் உயிரைப் பேணக் கடமை உண்டு. அளவுக்கு மீறிய பாரமான வழிகளைத் தேடியே ஆக வேண்டும் என்ற கடமை இல்லை. நோவைத் தணிக்க மருந்து கொடுக்கலாம், அதனால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்று தெரிந்தாலும் கொடுக்கலாம், கொல்லும் நோக்கம் மட்டும் இருக்கக் கூடாது. சுவாமி இதைச் சொன்னதும் ஒரு மகளின் தோள் தளர்ந்து இறங்கியதைக் கண்டிருக்கிறேன். இரண்டு மாதமாக அவள் தனக்குத் தானே வழக்குப் பேசிக்கொண்டிருந்தவள்.

*

இப்போது ஒவ்வொரு மரணப்படுக்கைக்கும் பக்கத்தில் ஒரு கைத்தொலைபேசி. தீவில் காற்றாடியும் சூரியத் தகடும் வந்த பிறகு அதை மின்னேற்றுவதும் கஷ்டமில்லை. பாரிசில் ஒரு மகன், ரொறன்ரோவில் ஒரு மகள். சுவாமி பூசும்போது பேரன் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அங்கே நடுச்சாமம், வேலைச் சீருடையோடு ஒரு முகம் அழும்.

இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாவசங்கீர்த்தனத்தைத் தொலைபேசியில் கேட்க முடியாது. பூசுதலுக்குத் தொடுகை வேண்டும். ஆனால் மகனின் குரலைத் தாய் கேட்கலாம். ஒரு சுவாமி தொலைபேசியைத் தானே வாங்கித் தாயின் காதோடு வைத்து, "மன்னிப்புக் கேக்க வேண்டியது இருந்தால் இப்ப கேள் தம்பி" என்று சொல்லிவிட்டு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிட்டார். உள்ளே அந்த மகன் என்ன சொன்னான் என்று யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் நாங்கள் வேப்பமரத்தடியில் நின்றோம்.

*

2020. கொரோனாக் காலம். பங்குனி 20ஆம் திகதி வத்திக்கானிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: குரு அணுக முடியாமல் சாகிறவர்கள், வாழ்நாளில் செபிக்கும் பழக்கம் உள்ளவர்களாயின், பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பூரண பலனைப் பெறுவார்கள். அம்மம்மாவின் பழைய படிப்பினை உலகத்துக்கே தேவைப்பட்ட காலம் அது.

அந்தச் சித்திரையிலிருந்து மறு ஆண்டு மாசி வரை இலங்கையில் கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்தார்கள். தகனத்தைத் திருச்சபை 1963 முதல் அனுமதிக்கிறது. ஆகவே எரித்ததை விட, முகம் பார்க்க விடாததுதான் எங்கள் சனத்தை வாட்டியது. முஸ்லிம் குடும்பங்களுக்கோ மார்க்கக் கடமையே பறிபோனது. செத்தவரை அவரவர் முறைப்படி அடக்கம் செய்ய விடுவது எவ்வளவு பெரிய மனித உரிமை என்று அந்தப் பத்து மாதத்தில் இந்த நாடு படித்திருக்க வேண்டும்.

*

சடலம் இல்லாத வீட்டில் சுவாமி என்ன செய்வார்?

அல்லைப்பிட்டி எங்கள் தீவுப்பகுதிதான். 2006 ஆவணி 13ஆம் திகதி அங்கே புனித பிலிப்பு நேரியார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் எறிகணைகள் விழுந்தன. பங்குத்தந்தை திருச்செல்வம் நிஹால் ஜிம் பிரவுண் அடிகளார் காயக்காரரை வைத்தியசாலைக்குச் சேர்க்கப் பாடுபட்டார். ஒரு கிழமைக்குள், 20ஆம் திகதி, அவரே காணாமற் போனார். போரின் முடிவில், 2009 வைகாசி 18ஆம் திகதி, முள்ளிவாய்க்காலில் கடைசி வரை சனத்தோடு நின்ற சரத்ஜீவன் அடிகளார் வெளியே வந்த அன்றே இறந்தார். அதே நாளில் சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் யோசப் அடிகளார் இன்று வரை திரும்பவில்லை. மற்றவர்களுக்குக் கண்மூடிச் செபம் சொல்ல நின்றவர்கள் இவர்கள்.

கார்த்திகை மாதம் மரித்த விசுவாசிகளின் பெயர்களை எழுதிக் கோவிலில் கொடுப்போம். சுவாமி பீடத்தில் வைத்துப் பூசை ஒப்புக்கொடுப்பார். மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாய் வருடா வருடம் தாளை வாங்கிப் புருஷன் பெயரை எழுதி, தாய் தகப்பன் பெயரை எழுதி, பிறகு பேனையை மூடிவிடுவா. மகன் பெயரை எழுதமாட்டா. ஒரு வருடம் புதிய சுவாமி அதைக் கவனித்தார். "அம்மா, மகனுக்கு வேறையாய் ஒரு பூசை வைப்பம். உயிரோடை எண்டோ செத்தவன் எண்டோ நான் சொல்லமாட்டன். பெயரை மட்டும் சொல்லுறன்." அந்தப் பூசைக்கு அவ முன்வாங்கில் வந்து இருந்தா.

*

செத்த அன்று வீடு நிறையச் சனம். செபமாலை, மரித்தோருக்கான பிரார்த்தனை, இரவு முழுக்கக் கோப்பி. சேமக்காலையில் மண் போட்டு, சிலுவை நட்டு, எட்டாம் நாள் பூசை, முப்பத்தோராம் நாள் பூசை, சாப்பாடு. முப்பத்திரண்டாம் நாள் ஒருவரும் வரமாட்டார்கள்.

எங்கள் சுவாமி பெரியம்மாவின் வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்து வந்தார். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணர் வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தி, நூலைப் பிடித்துக் கொடுத்தார். ஒரு மணித்தியாலம். போகும்போது படலையடியில் நின்று, "அம்மா உங்களை மன்னிச்சிட்டா. இனி நீங்கள் உங்களை மன்னியுங்கோ" என்றார். அண்ணர் அதற்கு அடுத்த ஞாயிறுதான் மறுபடி பூசைக்குப் போனார்.

*

எங்கள் ஊர்க் கோவில் புனித தோமையாருடையது. காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். ஆண்டவர் அவரைத் துரத்தவில்லை, கையை நீட்டச் சொன்னார். நோயாளியின் நெற்றியில் சுவாமியின் பெருவிரல் படும்போதெல்லாம் தோமையாரை நினைப்பேன். மாதக்கணக்காக வைத்தியரும் தாதியும் ஊசிக்காக மட்டும் தொட்ட உடம்பை ஒருவர் ஆசீர்வதிப்பதற்காகத் தொடுகிறார்.

*

இதை வாசிக்கிறவர்களுக்கு என் வேண்டுதல் ஒன்று.

உங்கள் வீட்டில் யாராவது ஏலாமல் கிடந்தால், நடமாடும்போதே சுவாமியைக் கூப்பிடுங்கள். சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் கூப்பிடுங்கள். வயது எண்பதைத் தாண்டி உடம்பு தளர்ந்தால் அதுவே போதிய காரணம். வருத்தக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "சுவாமியை வரச்சொல்லட்டோ?" அவர் பயப்படுவார் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். அவர் கேட்க நினைத்து, உங்களுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

பெரியம்மா ஒரு கிழமையாகக் கேட்டது எங்களிடமல்ல, வேலிக்கு அப்பால். உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வேலி தாண்டிப் போக விடாதீர்கள்.